அச்சில் இல்லாத வரி

தையல்காரி உட்காரக்கூட இல்லை. கைப்பேசியைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்து ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டாள். மூன்று பெண்களைக் கொன்றவனைப் பற்றிய உண்மைக் கதையை இதமான ஓர் ஆண் குரல் நிதானமாகப் படித்தது.

‘அவளுடைய மழைக்கோட்டைக் கழற்றினான். சட்டைக் கை ஓரத்தில் பச்சை நூல் ஓடியிருந்தது. அதை மெல்ல உருவினான்.’

"மூணாவதா செத்தது எங்க அண்ணி. எங்க அண்ணன்தான் மூணு பேரையும் கொன்னார்னு உள்ள போட்டுட்டாங்க. திங்கக்கிழமை அப்பீல். அதுவும் போச்சுன்னா தூக்குதான் சார். ஊரே இதைக் காதுல மாட்டிக்கிட்டு அலையுதே, அப்படி என்னதான் சொல்றாங்கன்னு தைச்சுக்கிட்டே கேட்டேன். இந்த நூல் வந்ததும் மிஷினை நிறுத்திட்டு ஓடி வந்தேன்."

"அந்த நூலா?"

"மிஷின்ல அடிக்கிறதுக்கு முன்னாடி கையால ஓட்டி வைப்போமே, அது. வெள்ளை தீர்ந்து போய் பச்சையில ஓட்டியிருந்தேன். அண்ணி அவசரத்துல அப்படியே போட்டு, மேல மழைக்கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பொணத்தைக் காட்டினப்போ நூல் இல்லை, ஓரம் பிரிஞ்சு கிடந்துச்சு. அரைகுறைத் தையலோட அனுப்பிட்டேனேன்னு வெட்கம். யார்கிட்டயும் சொல்லலை, அண்ணன்கிட்டகூட."

பக்கத்து நாற்காலியில் இருந்த துப்பறிவாளரின் மைத்துனர் துள்ளி எழுந்தார். ஐம்பது வயதிலும் அவருக்கு நிதானம் மட்டும் வரவில்லை. "எழுதினவன்தான் அத்தான்! வசமா மாட்டிக்கிட்டான்!"

"முதல்ல அச்சுப் புத்தகத்தை வாங்கிட்டு வாங்க மாப்ளே. அப்புறம் குதிக்கலாம்."

மறுநாள் காலை ஒலிப்பதிவு அறையில் எழுத்தாளர், கதையைப் படித்தவர், ஒலிப்பதிவாளர் மூவரும் இருந்தார்கள். கதவருகே இரண்டு காவலர்கள். பஞ்சு ஒட்டிய சுவர்களுக்குள் அவரவர் மூச்சே அவரவருக்குக் கேட்டது. தையல்காரி மைத்துனரின் பக்கத்தில் நின்றாள்.

"புத்தகத்துல மழைக்கோட்டு இருக்கு, நூல் இல்லை," என்றார் துப்பறிவாளர். "எழுதினவருக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா? பக்கம் பக்கமா எழுதியிருப்பார்." ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "ஒரு வார்த்தை மாறினாலும் நிறுத்த வேண்டியது உங்க வேலை. ஏன் நிறுத்தலை?"

அவர் தலை குனிந்தார். "எப்பவும் வரிமேல விரலை வச்சுக்கிட்டேதான் கேட்பேன் சார். அந்த இடத்துல அவர் படிச்ச விதம்... ஈரக்குலையே நடுங்கிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன்."

"ஆக, அந்த நேரத்துல ரெண்டு பேருமே தாளைப் பார்க்கலை. இவர் பயந்துபோய்ப் பார்க்கலை. படிச்சவர் நினைப்புலேர்ந்தே சொன்னதால பார்க்கலை. கோட்டுக்குள்ள இருந்த நூலோட நிறம், தைச்சவங்களுக்கும் உருவினவனுக்கும்தான் தெரியும்."

காவலர்கள் நெருங்கினார்கள்.

"எங்க அண்ணன் வந்துடுவாரில்ல சார்?" தையல்காரியின் குரல் உடைந்தது.

"வந்துடுவார்மா."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். மைத்துனருக்கும் கண் கலங்கிவிட்டது.

அழுகை ஓயும்வரை படித்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, ஊரே கேட்ட அதே இதமான குரலில் எழுத்தாளரிடம் சொன்னார்:

"மூணு பேர்தான்னு எழுதியிருக்கீங்களே, அதையும் நான் திருத்திப் படிச்சிருக்கணும்."