மிச்சம் மூன்று

தாட்சாயணி பந்தை மேலே போட்டாள். அது கீழே வருவதற்குள் தோற்றுவிட்டாள்.

"புள்ளியும் ஆட்டமும் எதிராளிக்கு" என்றது மைதானத்துத் திரை. அடிபடாத பந்து பரிதாபமாக உருண்டுபோனது.

எல்லாம் மருதம் குடியிருப்புக்காரர்கள் கேட்டு வாங்கியதுதான். முதலில், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லக் 'கோடுகாண்பான்' வந்தது. நடுவரைத் திட்டுகிற சுகம் போயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் 'முன்னுரைப்பான்'. தோளின் சாய்வையும் மூச்சையும் நாடியையும் படித்து, புள்ளி யாருக்கென்று அடிக்கும் முன்பே சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி. பிறகு ஆடுவானேன்? மூன்று மணி நேர டென்னிஸ் கால் மணியில் முடிந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பரந்தாமனுக்கோ, அந்த இயந்திரத்தைத் தானே பெற்றெடுத்த மாதிரி பூரிப்பு.

இன்றைக்கு மாநில அணிக்கான தேர்வு. தாட்சாயணிக்கு வயது வரம்பு முடிகிறது, இனி வாய்ப்பில்லை.

"சார், மறுபடி போடறேன். அடிக்க விடுங்க."

"அதான் சொல்லிடுச்சேம்மா."

"தொண்ணூத்தேழுதானே சொல்லுது? மிச்சம் மூணு என்னோடது!"

"மூணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? ஜனங்க சாப்பிடப் போக வேண்டாமா?"

"திடமான பொண்ணுதான், வாய் ஜாஸ்தி" என்றாள் முன்வரிசை மங்களம் மாமி. மாமியின் கால் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

தாட்சாயணி மட்டையை வலைக்கம்பத்தில் ஓங்கி அடித்தாள். அன்று மைதானத்தில் கேட்ட ஒரே அடி அதுதான்.

அடுத்த மாதம் சங்கத் தேர்தல். நேரம் மிச்சமாகட்டும் என்று பரந்தாமனே முன்னுரைப்பானைக் கூட்ட அரங்கில் மாட்டிவைத்தார். நாற்காலிகள் நிறைந்ததும் திரை சொன்னது: "பரந்தாமன் தோல்வி. வாக்குப்பதிவு தேவையில்லை."

"அதெப்படி? ஒரு ஓட்டுகூட விழலையே! நான் இன்னும் பேசவே இல்லையே! பேசினா மாறும்யா!"

"செயலாளர் கத்துவார். கூட்டம் கலையும்" என்றது திரை. கலைந்தது. மங்களம் மாமிதான் முதலில் எழுந்தாள்.

வாசலருகே நின்ற தாட்சாயணியிடம் மைக்கும் கையுமாக ஓடினார் பரந்தாமன். "நீயாவது சொல்லும்மா, இது அநியாயம்னு!"

ஒரு மாதமாக நாக்கு நுனியில் காத்திருந்தது அவளுக்கு: ஜனங்க சாப்பிடப் போக வேண்டாமா சார்? சொல்ல வாயெடுத்தவள் திரையைப் பார்த்தாள்.

"தாட்சாயணி குத்திக்காட்டிவிட்டுப் போவாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு."

அவள் முகம் சிவந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஒரு நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்து வந்து, பரந்தாமனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"பேசுங்க சார். எனக்குப் பசியில்லை."

காலி அரங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் பரந்தாமன். என்ன பேசப் போகிறோம் என்று திரையை அண்ணாந்து பார்த்தார்.