கடைசி வரிசை முதலில்

டைட்டன் நிலையத்தில் அங்கயற்கண்ணியின் வேலை, ஆறு வருடம் உறைதுயிலில் கிடந்தவர்களை எழுப்பி இறக்குவது. மாதம் இரண்டு கப்பல் வரும். இம்முறை வந்ததில் தொள்ளாயிரத்து அறுபது பேர். ஐந்தாம் தளத்தில் அவள் கணவன் திருமேனியும் இருந்தான்.

யாரை எப்போது எழுப்புவது என்பதை ‘விழிப்பணி’ என்ற இரட்டை அடுக்குப் பட்டியல் சொல்லும். வெளியே ஆறு தளங்கள். ஒவ்வொரு தளத்துக்குள்ளும் நான்கு பேர் கொண்ட நாற்பது வரிசைகள். வாசலருகே இருக்கும் வரிசை முதலில் விழித்து வெளியேறும். அது காலியான பிறகே தடுப்பு திறந்து நிலையத்தின் காற்று அடுத்த வரிசைக்குப் போகும். வரிசைக்கு நான்கு நிமிடம். சூடேறிய உடலை மறுபடி உறைய வைக்க முடியாது. அதனால் தொடங்கியதை நிறுத்தவும் வழியில்லை.

கப்பல் நிலையத்தோடு இணைய இருபது நிமிடம் இருக்கையில் அதன் முன்வாசலை ஒரு விண்கல் நசுக்கியது. இனிப் பின்வாசல்தான் கதி. அங்கயற்கண்ணி பட்டியலைத் தலைகீழாக்க ஒரு கட்டளை கொடுத்தாள்.

மேலாளர் சூசைநாதன் ஒத்திகை ஓட்டிப் பார்த்தார். “ஆறாம் தளம் முதல்ல வருது, சரி. ஆனா அதுக்குள்ள ஒண்ணாம் வரிசையில்ல எந்திரிக்குது? வாசப்பக்கம் இருக்கிறது நாப்பதாவதும்மா.”

அவள் ஒத்திகைத் திரையைப் பார்த்தாள். கட்டளை வெளிப்பட்டியலை மட்டும் புரட்டியிருந்தது. தளங்கள் இடம் மாறின. உள்ளே வரிசைகள் அப்படியே கிடந்தன. காற்றே எட்டாத மூலையில் முதல் நான்கு பேர் கண் விழிப்பார்கள்.

“எத்தன நிமிஷம் சார் இருக்கு?”

“ஆறு.”

ஒவ்வொரு தளத்துக்குள்ளும் நுழைந்து வரிசைகளைப் புரட்டும் சுழற்சிக் கட்டளையை எழுதினாள். முதல் ஓட்டத்தில் வரிசைகள் திரும்பின; கூடவே தளங்களும் பழையபடி திரும்பிவிட்டன. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். கப்பல் வந்து இணைந்த அதிர்வு தரையில் தெரிந்தபோது திரை காட்டியது: ஆறாம் தளம், நாற்பதாம் வரிசை.

“சரியா இருக்கும்மா,” என்றார் சூசைநாதன்.

பின்வாசல் திறந்தது. நாற்பதாம் வரிசைக்காரர்கள் நால்வரும் எழுந்தார்கள். முன்னால் இருந்தவர் குறுகிய நடைவழியை அடைத்து நின்றுகொண்டு தலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்தார்.

“ஐயா, சாமானெல்லாம் அப்புறம் வரும். ஒடனே வெளிய வாங்க,” என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினாள் அங்கயற்கண்ணி.

“இதோ ஆச்சும்மா, பேக் மட்டும் எடுத்துக்கறேன்.”

மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் தங்கள் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

தடுப்புக்கு அப்பால், காற்றில்லாத இருட்டில், முப்பத்தொன்பதாம் வரிசையின் மூடிகள் பட்டியல் சொன்னபடியே திறக்கத் தொடங்கின.