நம்பரை மறைத்த கை

ஜனா போட்ட விளம்பரத்தில் காரின் நம்பர் தெரியவில்லை.

இணையத்தில் கார் விற்கிறவர்கள் நம்பர் பிளேட்டைக் கையால் பொத்தித்தான் படம் எடுப்பார்கள். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பொத்துவார்கள். ஜனா பொத்த மறந்துவிட்டான். வெள்ளவத்தை ஃபிளாட்டின் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில், எங்கோ குழாய் சொட்டுகிற சத்தத்தையும் ஈரச் சீமெந்தின் மணத்தையும் தவிர வேறு துணையில்லாமல், தனியே நின்று ஆறு படம் எடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை கனடா ஃபிளைட். அதற்குள் மனைவி ஹம்சிகாவின் ஆல்டோ போய்விட வேண்டும். டெங்கு அவளைக் கொண்டுபோய் எட்டு மாதம். காரையும் கொடுத்துவிட்டால் அவளை விட்டுப் போய்விடலாமென்று நம்பியிருந்தான்.

படத்தில், பம்பருக்குக் கீழேயிருந்து வந்த மெலிந்த கையொன்று நம்பரை மூடியிருந்தது. புறங்கையில், சேலைன் ஏற்றிய இடத்தில் பிளாஸ்டர். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அந்தப் பிளாஸ்டரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அழித்தான். மறுபடி எடுத்தான். கை இருந்தது. அப்படியே விளம்பரத்தில் விட்டுவிட்டான்.

கொம்பனித்தெருவிலிருந்து அர்ஷாத் என்பவன் அழைத்தான்.

"பிரதர், கார் நீட்டா இரிக்கி. நம்பர பொத்தினது யாரு, வைஃபா?"

"ஓம்."

"அவங்களுக்கு விக்க விருப்பமில்ல போல. என்னா இறுக்கு!"

ஜனா சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அது.

மாலை ஐந்துக்கு அர்ஷாத் வந்தான். பொனட்டைத் தட்டினான், டயரை உதைத்தான், விலையைக் குறைத்தான்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. வாப்பாக்கு ஒரு படம் அனுப்போணும்."

ஜனா ஏறினான். கதவு மூடியது. குழாயின் சத்தம் நின்றது. ஸ்பிரிட் மணத்தது, ஊசி போடுமுன் தோலில் பூசுகிற ஸ்பிரிட். பின்சீட்டில் ஏதோ அசைந்தது. அவன் திரும்பவில்லை.

"ஹம்சி," என்றான் மெதுவாக. "நான் போகட்டே?"

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

"என்னை விடன், ஹம்சி."

வெளியே ஃபிளாஷ் மின்னியது.

அர்ஷாத் சிரித்துக்கொண்டே போனைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். "என்ன பிரதர், மூஞ்சியும் நம்பர் பிளேட்டா? கைய எடுங்க!"

படத்தில் ஜனாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

முகம் இல்லை. கண், மூக்கு, வாய், எல்லாவற்றையும் மூடிய ஒரு புறங்கை. பின்சீட்டின் இருட்டிலிருந்து நீண்டு வந்தது.

பிறகு படமும் தெரியவில்லை.

இருட்டு.

கன்னத்தில் விரல்கள். குளிராக. ஐந்து.