திறந்த பிள்ளை

உடுமலையில் அந்தக் கல்யாண மண்டபத்தில் தாலி ஏறியதும் எச்சில் செம்பு கிளம்பியது. மணமகளின் தகப்பனார் முதலில் வாய் வைத்துக் குடித்தார். பிறகு சம்பந்தி, பிறகு மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும். ஒருவர்கூட விளிம்பைத் துடைக்கவில்லை. துடைத்தால் மரியாதைக் குறைவு. ஒரு காலத்தில் இதே சனங்கள்தான் செம்பை ஒரு சாண் தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்தவர்கள், அடுத்தவர் எச்சில் என்றால் முகம் சுளித்தவர்கள். அதெல்லாம் அந்தக் காலம்!

மாற்றியது காப்பான் என்ற நச்சுயிரி. நச்சுயிரி என்பதே ஒரு விசித்திரப் பிறவி. சொந்தமாக அடுப்பு கிடையாது, சட்டி பானை கிடையாது. தனியாகக் கிடந்தால் தூசிக்குச் சமம். நம் உடம்பில் ஏதாவது ஒரு செல்லின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் கதவு கிடைத்துவிட்டால் போதும். உள்ளே புகுந்து, அந்தச் செல்லின் சமையலறையிலேயே தன்னைப் போல ஆயிரம் பேரைச் சமைத்துக்கொண்டு வெளியேறும். சளி, அம்மை எல்லாம் இந்த வேலைதான். விஞ்ஞானிகள் செய்து விட்ட காப்பானும் அப்படித்தான் நுழையும். ஆனால் மூன்றே நாளில் உடம்பெல்லாம் பரவி, எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து அடைத்துவிடும். பத்து நாள் எச்சிலில் இறங்கி அடுத்தவருக்குப் போகும், பிறகு ஓய்ந்துவிடும். அதன் பின் வேறு எந்த நச்சுயிரிக்கும் அந்த உடம்பில் இடமில்லை. தொண்டைத் தோல் மட்டும் உதிர்ந்து புதிதாக வளர்வதால், அங்கே சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போதும் அதே பத்து நாள் எச்சிலில் இறங்கும். அதற்குத்தான் கல்யாணச் செம்பு. பதினைந்து வருடமாக ஊரில் யாருக்கும் சளி பிடித்ததில்லை.

மயில்சாமியும் அன்று செம்பில் குடித்தான். அவனுடைய அக்கா கோகிலவாணி கல்யாணத்துக்கு வரவில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் மகள் இதழினி ஒரு திறந்த பிள்ளை.

இதழினிக்குத் தசை நலிவு நோய். பிறவியிலேயே ஒரு மரபணுவில் பிழை. தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. இன்னும் சில வருடத்தில் உட்காரவும் முடியாது. ஆனால் மருந்து இருந்தது. ஒரு நச்சுயிரியை எடுத்து, அதன் கெட்ட சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, சரியான மரபணுவை ஏற்றி அனுப்புவார்கள். சுமையுயிரி என்று பெயர். ஒரே ஒரு ஊசி, பிள்ளை ஓடும். ஆனால் சுமையுயிரியும் நுழைய வேண்டியது அதே கதவு வழியாகத்தானே? அதனால் ஊசி போடும் நாள்வரை காப்பான் அண்டாமல் பிள்ளையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஊசிக்குப் பதினான்கு கிலோ எடை வேண்டும் என்று கோவை மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

பாவம், கோகிலவாணி பட்ட பாடு! கணவன் மஸ்கட்டில். இவள் தனியாளாக வாசலில் நின்று, யார் வந்தாலும் "அங்கயே நில்லுங்க!" என்று கத்துவாள். சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைக்கு நெய்யும் பருப்புமாக ஊட்டி, நூறு கிராம் ஏறினால் அன்றைக்கு அவளுக்குத் தீபாவளி. கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் இதழினியின் எடை பதினான்கைத் தாண்டியது. மயில்சாமிதான் காரோட்டிக்கொண்டு கோவைக்குக் கூட்டிப்போனான், நடுவில் கண்ணாடித் தடுப்புப் போட்ட காரில்.

ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் ஜெசிந்தா கூப்பிட்டார்.

"நாளைக்கே போட்டுரலாமுங்களா டாக்டர்?" என்றபடியே கோகிலவாணி உள்ளே வந்தாள். மயில்சாமி கதவருகே நின்றான்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா. ரத்தத்துல காப்பான் இருக்கு. கதவெல்லாம் அடைஞ்சிருக்கும்."

"இல்லீங்க டாக்டர். வேற யாரோட ரத்தமாவது மாறியிருக்கும். எம்புள்ளைகிட்ட யாரையும் நான் அண்ட விட்டதே இல்லீங்க."

"ரெண்டு தடவை பார்த்துட்டோம்மா. நாலஞ்சு நாள் ஆயிருக்கும்."

மயில்சாமிக்கு முகம் வெளிறிப்போனது. "அக்கா, நான் எச்சில் படாமத்தானக்கா குடுத்தேன்" என்றான்.

"என்னத்தடா குடுத்தே?"

"கடலை மிட்டாயிக்கா. கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளு, நீ குளிக்கப் போனப்ப. வீட்டுக்குள்ள நான் காலே வெக்கல, சன்னலுக்கு வெளியதான் நின்னேன். பாப்பாவால கடிக்க முடியல. எடை ஏறோணுமேன்னு, சட்டை நுனியில சுத்தி காக்காக் கடி கடிச்சுக் குடுத்தேன். என் வாயி அதுல படவே இல்லக்கா!"

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்ததுதான். மிட்டாயைச் சட்டைத் துணியில் வைத்துக் கடித்தால் அது எச்சில் ஆகாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஊரே ஒத்துக்கொண்ட விதி. அந்த விதி நச்சுயிரிக்குத் தெரியவில்லை.

"துணி நனைஞ்சாலே போதும், இறங்கிரும்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

கோகிலவாணி கையிலிருந்த பையால் தம்பியை அடித்தாள். அவன் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு மேல் அவளுக்குக் கை ஓங்க வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மறுபடி தொறக்க முடியாதுங்களா? எதாச்சும் மருந்து?"

"கதவைத் தொறக்கறதுக்கும் ஒரு சுமையுயிரி செஞ்சு வெச்சிருக்காங்கம்மா. ஆனா அது உள்ள போறதுக்கும் அதே கதவுதான் வேணும்."

"தொண்டையில புதுசா வளருதுன்னு சொல்றாங்களே?"

"தொண்டையில வளரும். தசை அப்படி வளராது." டாக்டருக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது, சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டார். "பத்தாயிரத்துல ஒருத்தருக்குக் கதவு சரியா அடையாது. அவங்களுக்கு மட்டும் சளி பிடிக்கும். பாப்பாவுக்குச் சளி பிடிச்சா உடனே கூட்டிட்டு வாங்க."

இதழினியின் மணிக்கட்டில் காப்பான் தொற்றியவர்களுக்கான சிவப்புப் பட்டையைக் கட்டி, பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். கோகிலவாணி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடைபாதையில் பாதி தூரம் வந்திருப்பாள், யாரோ தும்மினார்கள். இந்தக் காலத்தில் தும்மல் என்றால் திறந்த பிள்ளைதான். அவள் சட்டென்று திரும்பி அந்தப் பக்கம் நடந்தாள்.

உக்கடத்துப் பர்வீன். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் பார்த்துப் பேசிப் பழகியவள். அவள் மகன் ரய்யானுக்கும் இதே நோய், அடுத்த வாரம் ஊசி. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இதழினிக்குக் கை காட்டினான். பர்வீனும் சிரித்தாள். அப்புறம்தான் சிவப்புப் பட்டையைப் பார்த்தாள்.

"அங்கயே நில்லுங்கக்கா!" என்று அலறி, பையனை வாரி எடுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கோகிலவாணி நின்றுவிட்டாள். எத்தனை பேரை அவள் இப்படி நிறுத்தியிருப்பாள்! இன்று அவள் பிள்ளைதான் வியாதி.

"கிட்ட வரமாட்டேன் பர்வீன். எம்புள்ளைக்குச் சளி புடிக்கோணும். அவன் கர்ச்சீப்பை மட்டும் வீசிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பர்வீனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்ட, மகனின் ஈரக் கைக்குட்டையைச் சுருட்டி எறிந்தாள். அது நடுத்தரையில் விழுந்தது. கோகிலவாணி அதை எடுத்து, அங்கேயே மண்டியிட்டு, மகளின் மூக்கிலும் வாயிலும் தேய்த்தாள். இதழினி, "ச்சீ, நாறுதும்மா" என்று நெளிந்தாள். கோகிலவாணி விடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதே வேலையாக இருந்தாள். பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டி ஈரத்தோடு விட்டாள். ஐஸ் கொடுத்தாள். மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டு, மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கைக்குட்டையைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தாள். மூன்று நாள் போயிற்று, ஐந்து நாள் போயிற்று. இதழினி கொழுகொழுவென்று நன்றாக இருந்தாள்.

ஆறாம் நாள் காலை கோகிலவாணி அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் தும்மல் சத்தம் கேட்டது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்து கும்பிடாத குறையாகப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து மூக்கைத் தொட்டாள். காய்ந்திருந்தது. மறுபடி தொட்டாள். காய்ந்துதான் இருந்தது.

"எனக்குச் சளி புடிச்சிருச்சும்மா" என்றாள் இதழினி. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அது மலரவில்லை என்று கண்டதும் கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்து, இன்னொரு முறை தும்மிக் காட்டினாள்.