எடை மெஷின் போன இடம்

காலை ஒன்பது மணி. பள்ளிக்கூட நர்ஸ் அறையின் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே எடை மெஷினை மட்டும் காணோம்.

பெண் சப்-இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டேஷனில் தலைக்கு மேல் வேலை. அதை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஏறி நிற்கும் மெஷினைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியை விடாமல் நச்சரித்ததால்தான் வந்தார். அன்றைக்குத்தான் எடை பார்க்கும் நாளாம். பிள்ளைகள் குண்டாகிக்கொண்டே போகிறார்கள் என்று மேலிடத்தில் கேள்வி கேட்கிறார்களாம்.

"சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்," என்றாள் நர்ஸ்.

நேற்று மாலை அவள் பூட்டிவிட்டுப் போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். கையில் சின்னப் பர்ஸ்தான் இருந்தது. மெஷினோ சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய கண்ணாடிப் பலகை. ஒளித்து எடுத்துப் போகிற சாமான் இல்லை.

நேற்று அந்த அறைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வயிற்றுவலி என்று மத்தியானம் முழுக்க அங்கே படுத்திருந்தாள். அவளைக் கூட்டிவந்து விட்டவர் பி.டி. மாஸ்டர். வீட்டுக்கு அழைத்துப்போனவள் அம்மா. போகிற போக்கில், என் பொண்ணை எல்லார் முன்னாடியும் மெஷினில் ஏற்றினால் நடப்பதே வேறு என்று தலைமையாசிரியையிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

சிறுமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெரியவர்கள் ஆரம்பித்தார்கள். வீட்டில் கண்டதையும் கொடுத்து வளர்க்கிறார்கள் என்றார் தலைமையாசிரியை. உங்கள் கேன்டீனில் பொரித்ததைத் தவிர வேறென்ன கிடைக்கிறது என்று திருப்பிக் கேட்டாள் அம்மா. விளையாட்டு பீரியடையெல்லாம் கணக்குக்குப் பிடுங்கிக்கொண்டால் உடம்பு எப்படி இளைக்கும் என்று அலுத்துக்கொண்டார் மாஸ்டர். மெஷின் பேச்சையே காணோம்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இன்ஸ்பெக்டர், சுவரோரக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். எங்கோ 'கீ' என்று ஒரு சத்தம். தலைமையாசிரியை போனை எடுத்துப் பார்த்தார். மாஸ்டர் சட்டைப் பையைத் தடவினார். அம்மா கைப்பையைத் துழாவினாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் 'கீ'.

மெத்தையைத் தூக்கினார். அடியில் மெஷின்.

"நேத்து இதுல படுத்திருந்தது அவதானே," என்றார் தலைமையாசிரியை. அம்மா கையை ஓங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் பாய்ந்தாள். இன்ஸ்பெக்டர் குறுக்கே நின்றார்.

"பிள்ளை மேல கை வைக்காதீங்க. சத்தம் கேட்டதும் நீங்க மூணு பேரும் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடினீங்க. ஒருத்தர் மட்டும் தேடல. தெரிஞ்சவங்க ஏன் தேடப்போறாங்க? சரிதானே, சிஸ்டர்?"

நர்ஸ் மறுக்கவில்லை. போன தடவை மாஸ்டர் அந்தச் சிறுமியின் எடையை உரக்கப் படித்ததும் வகுப்பே சிரித்ததாம். எடை நாள் மறுபடி வருகிறது என்று தெரிந்ததும், சிறுமி டிபன் பாக்ஸைக் குப்பைத்தொட்டியில் கொட்டத் தொடங்கிவிட்டாள்.

"நேத்து அது வயித்துவலி இல்ல மேடம், பசி. பால் கொடுத்தேன், எடை ஏறிடும்னு ஒரு வாய்கூடக் குடிக்கல. கதவைச் சாத்திட்டு நானே தனியா பாக்கிறேன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். யாரும் காதுலயே போட்டுக்கல. அவ போனப்புறம் ஒளிச்சு வச்சேன்."

நடவடிக்கை எடுங்கள் என்றார் தலைமையாசிரியை. அறையை விட்டே போகாத பொருளுக்குத் திருட்டு வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர். காலி டிபன் பாக்ஸை யார் கவனித்திருக்க வேண்டும் என்று அடுத்த சண்டை அதற்குள் ஆரம்பித்திருந்தது. அவர் வராந்தாவுக்குப் போய்ச் சிறுமி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில சாப்பிட்டியா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பசிக்குதா?"

சிறுமி நிமிர்ந்தாள். சத்தம் ஓய்ந்து வாசலுக்கு வந்து நின்றவர்களை, அம்மாவை, தலைமையாசிரியையை, மாஸ்டரை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் மெல்லிய குரலில் கேட்டாள்.

"பசிக்கலாமா, மேடம்?"

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார். அந்தக் காலையில் முதல் தடவையாக, யாரும் யாரையும் கைகாட்டவில்லை.