மா சான் யீ வீட்டில் இருக்கிறாள்

தமிழரசி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“சாப்பிட்டாச்சு” என்றாள் பர்மியில். ஐந்து வயது. தமிழில் சொன்னால் புரியும். வாயில் வருவது பர்மிதான்.

“யாரு குடுத்தா?”

“நீதானே, மே மே.” அம்மாவை அவள் பர்மியில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கமலாட்சி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசல் பலகையில் இன்னும் வட்டமாகக் கிடந்தது. குனிந்து மகளின் வாயை முகர்ந்தாள். மீன் குழம்பு. மூலையில் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் அவள் அதைக் கழுவாமல் போட்டுவிட்டுத்தான் ஓடியிருந்தாள்.

அவள் இல்லாத நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி டோ ம்யா. கமலாட்சி இறங்கிப்போய் நன்றி சொன்னாள்.

“நான் எங்க குடுத்தேன்?” டோ ம்யா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். “மழைக்கு முன்னாடியே நீ வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போனியே. இந்த வயசுல என்ன மறதி?”

கமலாட்சி சிரித்து வைத்தாள். இந்த வீட்டில் அவள் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. பேச்சு நீண்டால் ஏதாவது ஒரு சொல் வழுக்கிவிடும்.

இந்த வீட்டில் அவள் பெயர் மா சான் யீ.

நம்மவர்கள் நிறைந்த பபேடான் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது கணவன் தனசேகரன் கப்பல் வேலையில் எங்கோ கடலில் இருந்தான். அவள் தனியாக அறை தேடினாள். போட்டாதாங் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் முகத்தைப் பார்த்ததுமே ‘இல்லை’ என்றார்கள். சிலர் அதைக்கூடச் சொல்லவில்லை. குழந்தையோடு கடைத் திண்டில் படுக்கும் நிலை வந்தபோது அவள் பர்மியப் பெண்களைப்போலத் தனக்கா மரப்பட்டையை அரைத்து முகம் வெளுக்கப் பூசி, கொண்டையில் பூச்சொருகி, இருப்பதில் நல்ல தமைன் கைலியைக் கட்டிக்கொண்டு டோ ம்யாவின் வாசலில் போய் நின்றாள். பெயர் என்ன என்று கேட்டாள் டோ ம்யா. நாக்கில் வந்த பெயரைச் சொன்னாள்.

“காலாவுக்கு நான் விடுறதில்ல” என்றாள் டோ ம்யா. நம்மவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்; பெண்ணென்றால் காலாமா. சொல்லும்போதே உதடு கோணும். “எனக்கு ஒண்ணுமில்ல. பெரியவருக்குத்தான் ஆகாது. அந்த வாடை அவருக்குப் பிடிக்காது.”

பெரியவர் என்று அவள் காட்டியது மாடி அறையின் மூலைத் தூணில் தொங்கிய தேங்காயை. சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காய். வீட்டைக் காக்கும் நாட், அதாவது ஆவி, அதில் குடியிருப்பதாக நம்பிக்கை.

“எனக்கும்தான் பிடிக்காது” என்றாள் கமலாட்சி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். டோ ம்யாவும் சிரித்தாள். அறை கிடைத்தது.

இதெல்லாம் நடந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. தவறு நடந்தது போன வாரம்.

டோ ம்யா தன்லியினில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, “பெரியவருக்குத் தேங்காய் மாத்திடு. எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா என்ன” என்றாள். எப்படி என்று கமலாட்சிக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் எந்தப் பர்மாக்காரியும் அதைக் கேட்கமாட்டாள். புதுத் தேங்காயைத் துணி சுற்றித் தொங்கவிட்டாள். பழையதை என்ன செய்வது? அவள் வளர்ந்த வீட்டில் சாமிக்கு வைத்த தேங்காயைச் சும்மா தூக்கிப் போடுவது பாவம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினாள். மூன்று முறை சுற்றிக் காட்டினாள். நிலைப்படியில் ஒரே போடாகப் போட்டு உடைத்தாள்.

தண்ணீர் வரவில்லை. உள்ளே கரி மாதிரி ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது. முடி பொசுங்கும் நாற்றம் அறை முழுவதும் ஒருமுறை எழுந்து, அடங்கியது. அவள் பெருக்கி அள்ளினாள்.

டோ ம்யா திரும்பி வந்ததும் கேட்டாள்.

“பழசை எந்த மரத்தடியில வெச்ச? கீழ விழுந்து உடையலையே? அவரு நெருப்புல வெந்து செத்தவரு. அந்தத் தண்ணிதான் அவருக்குக் குளிர்ச்சி. எங்கம்மா அவரு முன்னால தீக்குச்சிகூட உரசமாட்டா.”

“தெருமுனை ஆலமரத்தடியில” என்றாள் கமலாட்சி.

மறுநாள்தான் தமிழரசி தட்டைத் தள்ளி வைத்தாள்.

அதன்பின் சின்னச் சின்னதாக நடந்தது. காலையில் ஈரமாகப் போட்டுப்போன துணிகள் மாலையில் மடித்திருந்தன, அவள் மடிக்கிற மாதிரியே, ஆனால் ஓரங்கள் இன்னும் நேராக. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அவள் உயரத்துக்கு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. ஆற்றிலிருந்து வரும் படகு எஞ்சின் சத்தமும், கிடங்குகளின் கருவாட்டு வீச்சமும், பலகைப் பிளவுகளில் மழை உள்ளே தெறிக்கும் சத்தமும் எப்போதும்போலத்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து யாரோ மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்து, முகர்ந்து பார்ப்பதுபோல இன்னொரு சத்தம் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தால் அது நின்றுவிடும். தமிழரசி தூக்கத்தில் சிரிப்பாள்.

மகளைத் தமிழில் கூப்பிட்டால் திரும்ப நேரமானது. பிறகு திரும்புவதே இல்லை.

அவள் வேலை பார்த்தது பபேடானில் சாதிக் பாட்சாவின் மருந்துக் கடையில். வேதியியல் படித்திருந்ததால் கலவைகளை நிறுத்து மடிக்கும் வேலை. கூட வேலை பார்த்த ஹாஜராவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“மூஞ்சில அவ்வளவு மாவு அப்பிக்கிட்டுப் போறியே, கண்ணாடியில ஒன்னையப் பாத்து நீயே பயந்திருப்ப” என்றாள் ஹாஜரா. கமலாட்சி சிரிக்காததைப் பார்த்துத் தராசைக் கீழே வைத்தாள். “சரிடி. செத்தவங்களுக்கு என்ன காலா, பர்மான்னு? மண்ணுக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்.”

“மண்ணுக்குள்ள போகலையேக்கா. வீட்டுக்குள்ளதான இருக்கு.”

ஹாஜரா மடித்த பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினாள்.

“எங்க வூட்டுக்கு வந்துரு. எடம் சின்னதுதான். காலு நீட்ட முடியாது. ஆனா ஒன் பேரச் சொல்லிக் கூப்புடலாம்.”

“அடுத்த மாசம் பிள்ளைய அந்தத் தெரு ஸ்கூல்ல சேக்கணும். அந்த விலாசம் இருந்தாத்தான் சேப்பாங்க.”

“பிள்ளை இருந்தாத்தானடி ஸ்கூலு” என்றாள் ஹாஜரா. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலை டோ ம்யா படிக்கட்டின் அடியில் அவளை நிறுத்தினாள். முகம் மலர்ந்திருந்தது.

“நேத்து நீ சொன்னத நெனச்சு ராத்திரியெல்லாம் சிரிச்சேன். அந்தப் பின்தெரு காலாக்காரன் பொண்டாட்டி மாதிரி நடந்து காட்டினியே. வயிறு வலிச்சிடுச்சு.”

கமலாட்சி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நேற்று அவள் வேலை முடிந்து வந்து நேராக மேலே போனவள்.

“உண்மையச் சொல்லட்டுமா? வந்த புதுசுல உங்கிட்ட ஒரு வாடை இருந்திச்சு. நான் சொல்லல. இப்ப இல்ல. பேச்சும் எவ்வளவு சுத்தமாயிடுச்சு.” டோ ம்யா நெருங்கி வந்தாள். முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. “இன்னிக்கு என்ன, கறுத்துத் தெரியற?”

“வெயில்.”

“எங்க வெயில்? மழைதானே கொட்டுது.” அவள் ஓரடி பின்னால் போனாள். “காலையில நாட் இறங்கிக் குறி சொல்ற அம்மா வந்தாங்களே, அவங்க சொன்னத நீயும் கேட்டயில்ல? நீதானே டீ ஊத்திக் குடுத்த. ஒரு காலாமா சாயங்காலம் சாயங்காலம் இந்தப் படியில ஏறி வர்றாளாம். வீட்டைக் கெடுக்க. கதவைத் திறக்காதீங்கன்னு சொன்னாங்க. பிள்ளைய ஜாக்கிரதையாப் பாத்துக்க.”

மேலே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. தமிழரசி கட்டிலில் உட்கார்ந்து, எதிரே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் தலையாட்டுவதை நிறுத்தினாள். கமலாட்சி அவளை அணைத்துக்கொண்டபோது, அந்தச் சின்ன உடம்பு கட்டைபோல விறைத்திருந்தது.

விடிந்ததும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட நினைத்தாள். ஆனால் கடையில் பாக்கியிருந்த சம்பளத்தை வாங்காமல் போக முடியாது. பிள்ளையோடு வேலைக்கு வருபவர்களைப் பாட்சா கடைக்குள் விடுவதில்லை. கீழே டோ ம்யாவிடம் குழந்தையை விட்டுவிட்டு, “இன்னிக்கு மட்டும் பிள்ளைய யார்கிட்டயும் விடாதீங்க, நான் வந்து கூப்பிட்டாலும் விடாதீங்க” என்றாள். டோ ம்யா அவளை வெறித்துப் பார்த்தாள்.

மத்தியானமே கடையை விட்டுப் புறப்பட்டாள். ஸ்ட்ராண்ட் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர், பஸ் நின்றுபோயிற்று. வெகுநேரம் காத்திருந்துவிட்டு இறங்கி நடந்தாள். காற்றில் குடை மடங்கிப் பிய்ந்தது. மழை தலையில் இறங்கி, நெற்றியில் இறங்கி, கன்னத்தில் பூசியிருந்த தனக்காவைக் கரைத்துக் கழுத்து வழியே கொண்டுபோனது. தெருவுக்குள் திரும்பும்போது பொழுது சாய்ந்து, மின்சாரமும் போய்விட்டிருந்தது. எல்லா வீடுகளும் இருட்டு. அவள் அறையில் மட்டும் வெளிச்சம், சுவர்ப் பலகைகளின் பிளவுகளில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக.

படி ஏறினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

யாரோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பர்மிப் பாட்டு. குரல் அவளுடையது. அவளுக்கு ஒருநாளும் வராத சுத்தமான பர்மி.

“தமிழு” என்றாள். “அம்மா வந்திருக்கேன். கதவத் தொற.”

பாட்டு நின்றது.

“யாரு, மே மே?” என்று கேட்டது குழந்தை உள்ளே.

“யாருமில்ல கண்ணு” என்றது அவள் குரல். “ஒரு காலாமா.”

அவள் கதவைத் தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். படியில் காலடி கேட்டது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. டோ ம்யா. பின்னால் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர்.

“நான்தான்” என்றாள். “மா சான் யீ.”

“மா சான் யீ வீட்டுல இருக்கா” என்றாள் டோ ம்யா. “நீ யாரு?”

வெளிச்சம் நெற்றியிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அடையாளம் தெரிந்த எந்தச் சுவடும் அந்தக் கிழட்டுக் கண்களில் இல்லை. அருவருப்பு மட்டும் இருந்தது.

“என் பேரு கமலாட்சி.” இந்த வீட்டில் அந்தப் பெயரை அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. “உள்ள இருக்கறது என் பிள்ளை.”

“அந்தம்மா சொன்னது சரியாப் போச்சு” என்றாள் டோ ம்யா, பின்னால் நின்றவர்களிடம்.

அவர்கள் அவள் கைகளைப் பற்றினார்கள். அவள் திமிறி முகத்தைச் சுவரில் பதித்தாள். பிளவு வழியே பார்த்தாள்.

அறையின் நடுவில் கரியடுப்பு. எப்போதும் வெளியே படியோரத்தில் இருப்பது. உள்ளே கொண்டுவந்து நிறைய நிறையக் கரி கொட்டியிருந்தது. எல்லாம் கனன்றுகொண்டிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. அருகில் அவள் உட்கார்ந்திருந்தாள். கமலாட்சியின் தோள். கமலாட்சியின் கொண்டை. வெளுத்த முகம். மடியில் தமிழரசி.

மூடிய அறை. கரியிலிருந்து எழும் நச்சு வாயு. அது நிறமில்லாதது, மணமில்லாதது என்று கமலாட்சி படித்திருக்கிறாள். முதலில் தூக்கம் வரும்.

“அடுப்பு” என்று கத்தினாள். “அடுப்ப வெளிய வைக்கச் சொல்லுங்க. பிள்ளை செத்துப்போயிடும்.”

தமிழில் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. பர்மிச் சொல்லைத் தேடினாள். வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை.

உள்ளே குழந்தை மூக்கைச் சுளித்தது. “வாடை அடிக்குது, மே மே.”

“அடிக்குதா? அடைச்சிடலாம்.”

உள்ளே இருந்தவள் எழுந்தாள். துணியைக் கிழித்தாள். சுவரோரமாக வந்தாள். ஒரு பிளவில் துணியைத் திணித்தாள். ஒரு வெளிச்சக் கோடு அணைந்தது. அடுத்தது. அடுத்தது. விரல்கள் அவசரமில்லாமல் வேலை செய்தன. குழந்தையும் இறங்கி வந்து உதவியது. மேலே. கீழே. மூலையில்.

கமலாட்சியின் கையை முறுக்கிப் படியில் இழுத்தார்கள். அவள் பலகையைப் பல்லால் கவ்வினாள்.

ஒரே ஒரு பிளவு மிச்சமிருந்தது. அதில் தமிழரசியின் கண் வந்து நின்றது. பாதி மூடிய, தூக்கம் சொக்கும் கண். தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

பிறகு அந்தச் சின்னக் கை துணியை எடுத்தது. மெதுவாக, கவனமாக, உள்ளிருந்து அழுத்தியது.