முறிந்த மணிக்கட்டு, முழு வளையல்

"பாடையை இறக்குங்க!"

தூக்கப் போன நாலு பேரும் அப்படியே நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் தபதி சமாதார் மூச்சிரைக்க வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாள். யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்து, சந்தேகச் சாவு என்று சொல்லியிருந்தார்கள். பிணம் எரிந்துவிட்டால் வழக்கும் சாம்பல்தான்!

பாடையில் சுதேஷ்ணா. வகிட்டில் சிந்தூரம். பாதங்களில் சிவப்புச் சாயம். கைகளில் சுமங்கலியின் சங்கு வளையல்கள்.

தலைமாட்டில் கணவன் நிருபம் கோஷால். வடக்கு கொல்கத்தா அறிந்த எலும்பு டாக்டர்.

"மாடிப்படியில வழுக்கிட்டா மேடம்... கையை ஊனி விழுந்திருக்கா. இடது மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. உருண்டதுல பின்மண்டை ஓடு உடைஞ்சிடுச்சு. என் சிநேகிதர் டாக்டர் வந்து பார்த்து சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்துட்டார்."

பக்கத்து வீட்டு காஜல் மாசி, தெருவுக்கே சித்தி, மூக்கைச் சிந்தினாள்.

"புண்ணியவதி! சிந்தூரத்தோடயே போயிட்டா. பாவம், அடிக்கடி விழுவா. போன வருஷம் விலா எலும்பு... அதுக்கு முன்னாடி முன்கை... ஒவ்வொரு தடவையும் டாக்டர் பாபுவே கட்டுப் போட்டுவிடுவார். தங்கமான புருஷன்!"

தபதிக்குப் புரிந்தது. உடைப்பவனும் அவனே, ஒட்டுபவனும் அவனே!

குனிந்து மணிக்கட்டைத் தொட்டாள்.

"வீக்கமே இல்லையே டாக்டர் பாபு? செத்தப்புறம் ஒடிஞ்ச எலும்பு மாதிரி..."

"விழுந்ததும் உயிர் போயிடுச்சு. அப்புறம் எப்படி வீங்கும்?"

படித்தவன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான்.

"எலும்பு முறியற வேகத்துல பளிங்குப் படியில கையை ஊனியிருக்காங்க. அதே மணிக்கட்டுல இருக்கற சங்கு வளையல்ல ஒரு கீறல்கூட இல்லையே?"

"அது... அதிர்ஷ்டம்!"

"யாருக்கு? வளையலுக்கா?"

தபதி வளையலை மெல்லத் திருப்பினாள். உள்பக்கத்தில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தாள்.

சோப்பு!

சட்டென்று லத்தியை வளையலுக்கு மேலே ஓங்கினாள்.

"எவ்வளவு கெட்டின்னு பார்த்துடலாம்..."

"வேண்டாம்!" நிருபம் அலறினான். மனைவி செத்ததற்குக்கூட அவன் அப்படி அலறவில்லை. "சங்கை உடைக்காதீங்க! புருஷன் உயிருக்கு ஆகாது!"

கூடத்தில் அழுகை நின்றது.

தபதி லத்தியை இறக்கினாள்.

"அதான்... மண்டையில அடிச்சுக் கொன்னுட்டு, சோப்புப் போட்டு வளையலைக் கழட்டியிருக்கே. விழுந்த மாதிரி காட்ட மணிக்கட்டை ஒடிச்சுட்டு, வளையலைத் திரும்ப மாட்டிட்டே. பொண்டாட்டியோட எலும்பு எத்தனை வேணா உடையலாம், உன் உயிருக்காக அவ போட்டிருந்த சங்கு மட்டும் உடையக் கூடாது... இல்ல?"

காஜல் மாசி நிருபத்தின் பக்கத்திலிருந்து விலகிப் போய், சுதேஷ்ணாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாசல்ல நிக்கற வண்டியை மயானத்துக்கு விடாதீங்க. போஸ்ட்மார்ட்டத்துக்கு விடுங்க!"

தபதி அவன் கைகளில் விலங்கை மாட்டினாள்.

"பயப்படாதே டாக்டர் பாபு! வளையல் முழுசா இருக்கு... ஜெயில்ல பல்லு போன கிழவனாகற வரைக்கும் உன் உயிருக்கு ஒண்ணும் ஆகாது!"